டச்பேட் துள்ளியது, கிரைண்டர் சுர்ரென்றது: டெபியனில் இரண்டு வருடம்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாக் கோட்டை, தண்ணீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில். சாமி 1981-இலேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். என் லேப்டாப்பின் டச்பேட் ஒழுங்காக 2025 மே மாதம் ஆனது.

2023 அக்டோபரில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப். வந்த அன்றிரவே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-ஐ, எக்ஸ்எப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்போடு போட்டேன். என் வேலை தமிழ்த் தட்டச்சும் புத்தகப் பக்க அமைப்பும். அதற்கு இது தாராளமாகப் போதும். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் எதுவும் தொல்லை தரவில்லை. டச்பேட் மட்டும்தான்.

தட்டினால் கிளிக் ஆகாதது முதல் நாள் பிரச்சினை. அது கோளாறே இல்லை. மவுஸ் அமைப்பில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. அப்புறம் வந்தவைதான் நிஜத் தொல்லை. மூடித் திறந்தால் டச்பேட் செத்துக் கிடக்கும். தட்டச்சு செய்யும்போது கர்சர் நாலு வரி மேலே தாவி, பாதிச் சொல் அங்கே போய் விழும். சில நேரம் விரலை வைத்தாலே அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் ஆடும். மூன்றையும் ஒரே வியாதி என்று நினைத்ததுதான் என் தப்பு. ஒரு வருடம் அதிலேயே போனது.

செத்துப்போவதற்கான துப்பு கெர்னல் (லினக்ஸின் உட்கரு) எழுதும் பதிவிலேயே இருந்தது. டிமெசேஜ் கட்டளை கொடுத்துப் பார்த்தால், 'உங்கள் டச்பேட் வேறொரு பஸ்ஸிலும் (தகவல் போகும் வழியிலும்) பேச முடியும் என்கிறது' என்ற பொருளில் ஒரு வரி. அதாவது, ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பிஎஸ்/2 மவுஸ் வழியிலேயே இது ஓடிக்கொண்டிருந்தது. எஸ்எம்பஸ் என்ற அந்த வேறு வழிக்கு மாற்ற, அந்த வரியே சொல்லும் இன்டர்டச் மதிப்பை 1 ஆக்க வேண்டும். நேரடியாக அமைப்புக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் கிரப் திரையில் ஆங்கில 'e' விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் இது தூக்கத்தை (மூடிவைக்கும் சஸ்பெண்ட் நிலையை) இன்னும் கெடுக்கும். எனக்கு ஒத்துவந்தது, கிரப்பிலேயே நிரந்தரமாக எழுதிவிட்டேன். இரண்டு விரல் ஸ்க்ரோலும் வழுக்கிக்கொண்டு போனது.

தட்டச்சின்போது தாவுவதற்கு நானே காரணம். கீபோர்டு தட்டும்போது டச்பேடைச் சற்று நேரம் ஊமையாக்கும் வசதி, கீபோர்டையும் டச்பேடையும் கவனிக்கும் லிப்இன்புட் என்ற மென்பொருளிலேயே இருக்கிறது, டிக்கும் போட்டிருந்தேன். ஆனால் கேப்ஸ்லாக் விசையை எஸ்கேப் ஆக்குவதற்காக கீடி என்ற நிரலையும் போட்டிருந்தேன். அது நடுவில் ஒரு கற்பனைக் கீபோர்டை உருவாக்கிவிடுகிறது. லிப்இன்புட் அதை வெளியிலிருந்து செருகிய கீபோர்டு என்று எடுத்துக்கொள்கிறது. வெளிக் கீபோர்டில் தட்டினால் டச்பேடை அடக்க வேண்டியதில்லைதானே? லிப்இன்புட்டின் குவர்க்ஸ் கோப்பில் (கருவிகளின் தனிக் குணங்களைச் சொல்லும் கோப்பு), 'இந்தக் கீபோர்டு உள்ளே இருப்பதுதான்' என்று நாலு வரி எழுதி, லாக் அவுட் செய்து உள்ளே வந்தேன். தாவல் அன்றோடு நின்றது.

மிச்சம் அந்தப் பேயாட்டம். இதற்குத்தான் அதிகம் அலைந்தேன். கெர்னலை மாற்றினேன், உணர்திறனைக் குறைத்தேன், பேட்டரி உப்பி டச்பேடை அடியிலிருந்து முட்டுகிறதோ என்று அடிமூடியைக் கழற்றிக்கூடப் பார்த்தேன். பேட்டரி தட்டையாகத்தான் இருந்தது. கத்திரி வெயில், விரல் வியர்வை என்று ஊர்மேலும் பழியைப் போட்டேன். கடைசியில் 350 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி மவுஸ்.

மாவட்ட மைய நூலகத்தில் பேட்டரியில் வேலை பார்த்த நாட்களில் ஆட்டமே இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. காந்தி நகரில் நண்பர் வீட்டில் என் சார்ஜரையே செருகிப் பார்த்தேன், அங்கேயும் ஆட்டமில்லை. வீட்டுக்கு வந்து லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் கட்டளையை ஓடவிட்டு, ஒரு விரலை அசைக்காமல் வைத்தேன். சார்ஜர் இருந்தால் அசைவுகள் மழைபோல் கொட்டின. பிடுங்கினால் திரை அமைதி. லேப்டாப்பின் உலோக ஓரத்தைப் புறங்கையால் தடவினால் சுர்ரென்றது.

மூன்று பின் சார்ஜரில் அந்தப் பெரிய பின் எர்த்துக்கு. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியே கொஞ்சூண்டு மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடம்பிலேயே நின்று, தொடுகிறவர் வழியாக இறங்கப் பார்க்கும். டச்பேடோ விரல் பட்டதும் மாறுகிற மிக நுண்ணிய கெபாசிட்டன்ஸை (மின்தேக்கத் திறனை) அளந்து பிழைப்பது. இந்தச் சலசலப்பும் அதற்கு விரல் அசைவுதான்.

தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். "லேப்டாப் ரிப்பேருக்கு என்னை ஏன் சார் கூப்ட்டீங்க?" என்றார். டெஸ்ட் லாம்பின் ஒரு ஒயரை ஃபேஸிலும் (மின்சாரம் வரும் முனை) மற்றதை நியூட்ரலிலும் வைத்தார், எரிந்தது. நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு மாற்றினார், எரியவில்லை. வீடு முழுக்க எந்த சாக்கெட்டிலும் எரியவில்லை. பின்பக்கம் துளசி மாடத்தை ஒட்டி எர்த் குழி. பைப்போடு சேரும் இடத்தில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எத்தனை வருடமாகவோ! புதுக் கம்பி முடுக்கி, கரியும் உப்பும் போட்டு, இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றினார். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுக்கொள்ளச் சொன்னார், போட்டாகிவிட்டது. அன்று சாயங்காலம் சார்ஜரைச் செருகி விரலை வைத்தேன். அம்புக்குறி அசையவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கிரைண்டர் ஷாக் அடிக்குதுன்னு ஒரு வருஷமா சொன்னேன், செருப்பு போட்டுக்கோன்ன. உன் பொட்டில அம்புக்குறி ஆடுதுன்னதும் ஆளக் கூட்டியாந்துட்ட." பதில் சொல்ல வாயில்லை. கிரைண்டரும் அன்றிலிருந்து சுர்ரென்பதில்லை.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்ததும் ஒரு மாதம் பொறுத்து மாறினேன். கிரப் வரி, குவர்க்ஸ் கோப்பு இரண்டும் அப்படியே தொடர்கின்றன. மாதத்தில் ஓரிரு முறை தூக்கத்திலிருந்து எழும்போது டச்பேட் இன்னமும் அடம்பிடிக்கிறது. டச்பேடை இயக்கும் பிஎஸ்மவுஸ் என்ற கெர்னல் மாட்யூலைக் கழற்றி மறுபடி மாட்டும் சின்ன ஸ்கிரிப்டை ஒரு குறுக்குவிசையில் வைத்திருக்கிறேன். இரண்டு நொடியில் உயிர் வந்துவிடும். அந்த 350 ரூபாய் மவுஸை அக்கா பையன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.