ஸ்லோவில் ஆஃப் ஆகும் வண்டியும் சாலிகிராமத்து மெக்கானிக் கடையும்

சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் இருக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு ஷட்டர், வாசலை அடைத்துக்கொண்டு வண்டிகள், பக்கத்தில் டீக்கடை, அவ்வளவுதான். பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பைக் வைத்திருப்பவர்கள், அதுவும் 'ஓடும்போது நல்லாத்தான் ஓடுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது' என்று கடை கடையாக அலைகிறவர்கள், இங்கே ஒரு தடவை காட்டிப் பார்க்கலாம்.

என்னுடையது 2016 மாடல், 150 சிசி. ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது, ஈசிஆரில் அறுபது எழுபதில் போனாலும் சுருதி பிசகாது. கையை விட்டால்தான் வினை. ஆர்பிஎம் முள் சரசரவென்று இறங்கி, ஆயிரத்துக்குக் கீழே வந்து, ஒரு உதறு உதறிவிட்டு அணைந்துவிடும். வடபழனி சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காத நேரத்தில், செல்ஃபை அமுக்கிக்கொண்டு நிற்கும் அவஸ்தையைப் பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு முன்னால் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன், பெயர் வேண்டாம். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், கடைசியில், ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐடிலிங் ஸ்க்ரூவைத் தூக்கி வைத்து அனுப்பிவிட்டார்கள். 1400 ஆர்பிஎம் பக்கம் நிற்க வேண்டிய வண்டி 2000-இல் கத்திக்கொண்டு நின்றது. அணையவில்லை, அது உண்மைதான். ஆனால் முதல் கியர் போட்டால் டக்கென்று இடிக்கும், பெட்ரோலும் கூடக் குடித்தது. அப்புறம் அதுவும் தாங்காமல் மறுபடி அணைய ஆரம்பித்ததும், கார்புரேட்டரையே மாற்றச் சொல்லி ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். எது கெட்டது என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை.

இந்தக் கடை அண்ணன் முதலில் ஸ்பானரைத் தொடவே இல்லை. வெறும் கேள்விதான். "காலையில முதல் ஸ்டார்ட்லயும் அணையுதா, இல்ல சூடானப்புறம் மட்டுமா தம்பி?" "ஹெட்லைட் போட்டா சீக்கிரம் அணையுதா?" "மழையில நனைஞ்சப்புறம் ஆரம்பிச்சுதா?" எனக்கு முதலில் பொழுதுபோக்குக்குக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. கேட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருக்கிறார். சூடான பிறகு மட்டும் அணைந்தால் டேப்பட் (வால்வுக்கு விடும் இடைவெளி) டைட்டாக இருக்கலாம், வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். ஹெட்லைட் போட்டதும் அணைந்தால் பேட்டரி பக்கம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்லோவில், அதாவது ஐடிலிங்கில், சார்ஜிங் குறைவு, பேட்டரியும் வீக் என்றால் ஸ்பார்க்கும் வீக். மழைக்கு அப்புறம் என்றால் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

என் வண்டி காலையில்தான் அதிகம் படுத்தும். உடனே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அணையப் போகும் நேரம் பார்த்து சோக்கைப் பாதி இழுத்தார். வண்டி நிமிர்ந்து நின்றது. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும், அதில் நிற்கிறது என்றால் வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் எங்கிருந்தோ கூடுதலாகக் காற்று நுழைகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்துப் போயிருந்தது, அதுவும் அதையேதான் சொல்கிறது. பெட்ரோல் அதிகமாகப் போயிருந்தால் கரி பிடித்துக் கறுத்திருக்கும்.

அடுத்து செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்புரேட்டர் கிளீனர் டப்பாவில் மெல்லிய சிவப்புக் குழாயைச் செருகி, கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற அந்தக் கறுப்பு ரப்பரைச் சுற்றித் துளித் துளியாக அடித்துக்கொண்டே வந்தார். மேலே அடித்தார், ஒன்றுமில்லை. பக்கவாட்டில், ஒன்றுமில்லை. கிளிப்புக்குப் பக்கத்தில் அடிப்புறம் பட்டதும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. "ஏர் இழுக்குது பாரு" என்று சொல்லி வண்டியை ஆஃப் பண்ணினார். (சூடான சைலன்சர் பக்கத்தில் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், அந்த ஸ்ப்ரே தீப்பற்றும்.) ரப்பரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கிறது. இரண்டு கட்டை விரலாலும் வளைத்துக் காட்டினார், கிளிப் உட்காரும் பள்ளத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டால் மூடிக்கொள்கிறது. சும்மா பார்த்தால் யாருக்கும் தெரியாது.

சரி, வெடிப்பு எப்போதும் இருக்கிறதே, ஸ்லோவில் மட்டும் ஏன் அணைகிறது என்று கேட்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டதும் கார்புரேட்டர் வாசல் கிட்டத்தட்ட மூடிவிடும், இன்ஜின் உறிஞ்சுகிற இழுவை முழுக்க வாசலுக்கு இந்தப் பக்கம், அதாவது ரப்பர் இருக்கும் பக்கம்தான் விழும். அந்த நேரத்தில் உள்ளே போவதே பைலட் ஜெட் என்கிற சின்னத் துளை வழியாக வரும் கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் காற்றும். அதில் வெடிப்பு வழியாக வரும் காற்று பெரிய பங்கு. முறுக்கிவிட்டால் வாசல் திறந்து காற்று கொட்டும், பெட்ரோல் பெரிய துளையான மெயின் ஜெட்டிலிருந்து வரும், அந்தத் துக்கடா காற்று கணக்கிலேயே வராது. இதை எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கார்புரேட்டர் கழன்றிருக்கும்போதே அடிக் கிண்ணத்துப் பெட்ரோலை, பாதியாக வெட்டிய வாட்டர் பாட்டிலில் வடித்துக் காட்டினார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. ரொம்ப இல்லை, ஆனால் இருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதே என்றார். பைலட் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பித்தளை ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துகிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன், துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு முடிந்தது. இவர் ஸ்ப்ரேயும் ஏர் கன்னும்தான் பயன்படுத்துகிறார்.

ரப்பரை மட்டும் ஒரிஜினலாக, வண்டி உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நானே வாங்கி வரச் சொன்னார், மலிவு ரப்பர் சீக்கிரம் இறுகி வெடிக்குமாம். மாட்டி, வண்டியை நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் காற்றின் அளவை வைக்கும் ஏர் ஸ்க்ரூவையும் ஐடிலிங்கையும் வைத்தார். முள் 1400-இல் உட்கார்ந்தது, ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் போட்டும் அசையவில்லை. ரப்பர் 300 ரூபாய்க்குள், லேபர் 400. போன இடத்து எஸ்டிமேட்டைச் சொன்னால் வயிறு எரியும்.

குறைகளும் உண்டு. பில் கிடையாது. போன் எடுக்க மாட்டார். 'ஒரு மணி நேரம்' என்றால் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வரலாம் என்று அர்த்தம். உட்கார ஒரு ஸ்டூல், அதிலும் பெரும்பாலும் யாராவது ஹெல்மெட் வைத்திருப்பார்கள். கையில் வேலை நிறைய இருந்தால் புதிதாக வருகிற வண்டியைப் பார்க்காமலேயே நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவார், குரலும் கொஞ்சம் முரட்டுத்தனம்தான்.

எஃப்ஐ வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) என்றால் இங்கே போக வேண்டாம், அதை அவரே சொல்கிறார். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்கிற பைக்குகளில் பெரும்பாலானவை எஃப்ஐ. அவற்றிலும் ஸ்லோவில் அணையும் தொல்லை வரும், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் வால்வு, சென்சார் இந்த மாதிரி சமாச்சாரங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போவதுதான் நல்லது. நான் இருக்கும்போதே ஒரு பையன் அப்படி ஒரு வண்டியோடு வந்தான், மீட்டரில் இன்ஜின் லைட் எரிவதைப் பார்த்துவிட்டு "என்கிட்ட மிஷின் இல்ல, கைய வெச்சு கெடுக்க மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், வண்டியை ஆறவிட்டே எடுத்துப் போங்கள், சூடாகப் போனால் ஆறும்வரை ஓரமாக நிறுத்திவைத்து விடுவார். ஜிபே வாங்கிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும்.