காரை விற்ற பிறகு யார் பொறுப்பு? நேரடி விற்பனை, கன்சல்டிங், அங்கீகார டீலர்: ஓர் ஒப்பீடு

சித்தப்பா தன் பழைய ஆல்டோவை விற்று ஒன்றரை வருடம் கழித்து அவர் போனுக்கு ஓர் இ-சலான் வந்தது. அவர் போயே இராத ஊரில், சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கான அபராதம். கையில் இருந்தது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய டெலிவரி நோட்டின் ஜெராக்ஸ் மட்டும். வாங்கியவரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. சின்னத் தொகைதான், கட்டிவிட்டார். அபராதத்துக்குப் பதில் அது ஒரு விபத்தாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கவலையில்தான் சட்டத்தைப் புரட்ட ஆரம்பித்தேன்.

பணத்தை எண்ணி வாங்கி சாவியைக் கொடுத்ததும் கார் கைமாறிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அது சரி. ஆனால் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, பொதுவாக வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. அடிபட்டவர் இழப்பீடு கேட்டு வரும்போது பேசுவது ஆர்சி எனும் பதிவுச் சான்று மட்டுமே.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் படித்தால் இதன் கனம் புரியும். ஒருவர் 2007 ஜூலையில் தன் மாருதி 800-ஐ விற்றார். பெயர் மாற்றவில்லை. கார் கை மாறி, கை மாறிப் போனது. 2009 மே மாதம் ஒரு கிராமத்துத் தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது மோதி ஓர் உயிர் போனது, இன்னொருவருக்குக் காயம். காருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அதை மாற்றியது. காயத்துக்கு 10,000 ரூபாயும் மரணத்துக்கு 3,75,000 ரூபாயும் முதலில் விற்ற அந்தப் பதிவு உரிமையாளர் தலையில் விழுந்தன.

எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. பிள்ளையை இழந்த குடும்பம் ஐந்து பேர் வீட்டுக் கதவைத் தட்டி, உண்மையில் கார் யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை விற்பவருடையது. எந்த வழியில் விற்றால் அந்த வேலை முடியும் என்று பார்க்கலாம்.

நேரடியாக விற்பது

விலை நன்றாகக் கிடைப்பது இதில்தான். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு விதம் உண்டு, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றக் கேட்கும் படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு "நீங்களே மாத்திக்கோங்க சார்" என்று கொடுத்துவிடுவது ஒன்று. வாங்குபவரோடு சேர்ந்து அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆர்டிஓ ஆபீஸ் வேலை முடியும் வரை கூடவே நிற்பது இன்னொன்று. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள் என்கிறது 50 ஆவது பிரிவு. வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு என்ஓசி எனும் தடையில்லாச் சான்று தேவை. படிவம் 29-ஐக் கொடுத்தால் நம் கடமை முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் பதிவேட்டில் பெயர் மாறும் வரை 2(30) பிரிவு காட்டுவது உங்களைத்தான்.

டெலிவரி நோட் வீண் என்று சொல்ல மாட்டேன். தேதியும் நேரமும் வாங்கியவரின் அடையாள அட்டை நகலும் இருந்தால், போலீஸ் விசாரணையில் வண்டி உங்கள் கையில் இல்லை என்று காட்ட அது உதவும். நீங்கள் கட்டிய இழப்பீட்டை வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கவும் அது ஆதாரம். அடிபட்டவருக்கு எதிராக மட்டும் அது கவசம் ஆகாது.

என் யோசனை: விலைக்கு மேல் ஒரு தொகையை, பெயர் மாறிய பிறகு திருப்பித் தரும் முன்பணமாக வாங்கி வையுங்கள். ஒழுங்காக மாற்ற நினைப்பவர் இதற்கு மறுக்க மாட்டார். கடன் பாக்கி இருக்கும் காரை "டியூவை அவரே கட்டிக்குவார்" என்று ஒப்படைப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். படிவம் 35 கொடுத்து, ஆர்சியில் உள்ள கடன் குறிப்பான ஹெச்பி கேன்சல் ஆன பிறகே விற்பனைப் பேச்சு.

கன்சல்டிங்கிடம் கொடுப்பது

பழைய காரை விற்றுத்தரும் தரகர்களான, ஊருக்கு ஊர் இருக்கும் கார் கன்சல்டிங்குகளில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் உண்டு. சிக்கல் முறையில் இருக்கிறது. வெற்றுப் படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கி வைத்து, ஆள் கிடைத்ததும் நேரே அவர் பெயருக்கு மாற்றுவார்கள். ஆள் கிடைக்கும் வரை, அது மூன்று மாதமோ ஒரு வருடமோ, உரிமையாளர் நீங்கள்தான். இடையில் யாரோ ஒரு பதினேழு வயதுப் பையன் ஓட்டி மாட்டினால் 199ஏ பிரிவு வண்டி உரிமையாளரைத் தேடும். 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம் வரை போகும் பிரிவு அது. என் கணக்கில் மூன்று வழிகளிலும் அபாயம் கூடியது இதுதான்.

அங்கீகாரம் பெற்ற டீலர்

மேலே சொன்ன ஓட்டையை அடைக்கத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆர்டிஓ அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யை இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தபின், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். சோதனை ஓட்டம், பழுது பார்ப்பு போன்ற வேலைகள் தவிர அவர் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது, அந்த வேலைகளுக்கு எடுத்தாலும் பயணப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

விலை சற்றுக் குறையும். நேரம் இல்லாதவர்கள், வெளிநாடு கிளம்புகிறவர்கள், வயதானவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். புதுக் கார் வாங்கும் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 29சி பதிந்த ஒப்புகை எங்கே? அது கைக்கு வராவிட்டால் கண்ணாடி பதித்த பெரிய ஷோரூமும் தெருமுனை கன்சல்டிங்கும் ஒன்றுதான்.

வண்டியில் குறை இருந்தால்?

இங்கே தராசு தனிநபர் பக்கம் சாய்கிறது. தரம் பற்றிய மறைமுக உத்தரவாதத்தை 1930 ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் முக்கியமாக வியாபாரிகள் மீதுதான் வைக்கிறது. ஆனால் 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய காரை, கேட்டபோது "தண்ணியே படலை" என்று சொல்லி விற்றால் அது மோசடி. யார் விற்றாலும் ஒப்பந்தம் ரத்தாகலாம்.

இன்ஷூரன்ஸ்

கார் கைமாறும்போது, அந்த வண்டியால் அடிபடும் பிறருக்கான மூன்றாம் நபர் காப்பும் கூடவே போகும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 157 ஆவது பிரிவு. வாங்கியவர் 14 நாளுக்குள் பெயரை மாற்றக் கேட்க வேண்டும். பாலிசி உயிரோடு இருக்கும் வரை விற்றவருக்கு ஒரு குடை உண்டு. 2011 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த லாரி வழக்கு இதற்குச் சாட்சி. விற்று ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதிவும் பாலிசியும் பழையவர் பெயரில் இருந்தன. பொறுப்பு அவருடையது என்ற நீதிமன்றம், அதே காரணத்தால் இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கட்டச் சொன்னது.

சித்தப்பாவுக்கு நான் காட்டிய வழியும் இதிலிருந்து வந்ததுதான். விற்ற விவரத்தை டெலிவரி நோட் நகலோடு ஆர்டிஓவுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினார். பழைய ஃபாஸ்டேகை மூடினார். பரிவாஹனில் பார்த்தபோது பாலிசி முடிய மூன்று வாரம்தான் இருந்தது. ஆயிரம் சிசிக்குள் உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022 இல் அறிவித்த கட்டணப்படி, 2,094 ரூபாய், வரி தனி. எங்கே ஓடுகிறது என்றே தெரியாத அந்த ஆல்டோவுக்கு இந்த வருடம் அவரே கட்டியிருக்கிறார்.