வெள்ளை அல்லது கறுப்பு, நடுவில் ஒன்றும் இல்லை: உபுண்டுவில் என் அனுபவம்

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான ஆதரவு நின்றதில் இருந்து, பழைய கணினி வைத்திருக்கிற தெரிந்த ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். விண்டோஸ் 11 ஏறாதாம், புதிது வாங்கக் கையில் காசில்லை, விண்டோஸுக்குப் பதிலாக நீ பாவிக்கிற உபுண்டுவை, அந்த இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் என்ன? கடைசியாகக் கேட்டவன் சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற சிநேகிதன். "மச்சான், நல்லது நல்லது எண்டு சொல்லாதை. உன்னை விசராக்கிறது என்ன, அதைச் சொல்லு" என்றான். அதனால் எவ்வளவு ரம், எந்தப் புரொசெசர் என்ற கதையெல்லாம் இங்கே இல்லை. என்னை விசராக்குவது நிறம்.

என் தொழில் கஸ்தூரியார் வீதிப் பக்கம், எழுத்துக்கோப்பும் வடிவமைப்பும். கல்யாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு அட்டை, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் எல்லாம் வரும். எல்லாவற்றிலும் அவசரமானது கல்வெட்டு, இறந்தவரின் நினைவாக அடிக்கிற புத்தகம். அந்தியேட்டிச் சடங்குக்கு முன் அடித்துக் கையில் கொடுத்தே ஆகவேண்டும். வம்சாவளி கையெழுத்தில் வரும், படங்கள் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வாட்ஸப்பில் வரும், திருத்தம் கடைசி நாள் இரவு வரும். நடுச்சாமம் வரை மொனிற்றருக்கு முன்னால் இருக்கிற வேலை. அந்த நேரத்தில் சுற்றிவர இருக்கிற யன்னல்கள் எல்லாம் சுத்த வெள்ளையாக இருந்தால் கண் எரியும்.

"டார்க் மோட் போடன்" என்பார்கள். போட்டுப் பார்த்தேன், ஏலாது. எனக்கு அஸ்டிக்மேடிசம் என்ற பார்வைக் குறைபாடு இருக்கிறது. கறுப்பில் வெள்ளை எழுத்து பரவிக்கொண்டு தெரியும். ஆங்கில எழுத்தென்றால் சமாளிக்கலாம். மெனுவில் வருகிற சின்னத் தமிழெழுத்தில் 'ண' வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 'ஞ' வின் வயிறு அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்து விசிறியோடு சேர்ந்துவிடும். எனக்கு வேண்டியது பழைய கடதாசியின் நிறம், அந்த மங்கல் மஞ்சள். அதில் கறுத்த எழுத்து. இது அலங்காரத்துக்குக் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் இதைக் கேட்கவே தேவையில்லை. விண்டோஸ் 98 இலும் எக்ஸ்பியிலும் தோற்ற அமைப்புக்குள் போய் யன்னலின் நிறம் இது, தலைப்புப் பட்டையின் எழுத்து இவ்வளவு பெரிது என்று தனித்தனியாகச் சொல்லலாம். மென்பொருள்கள் நிறத்தைக் கணினியிடம் கேட்டு வாங்கித்தான் யன்னலை வரைந்தன. ஓரிடத்தில் மாற்றினால் பெரும்பாலும் எல்லாம் மாறும். 2012 இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தக் கிளாசிக் தோற்றமும் நிற அமைப்பும் எடுபட்டன. 2017 இல் விண்டோஸ் 10 இன் ஓர் அப்டேட்டோடு தலைப்பு, மெனு எழுத்துகளின் அளவைத் தனித்தனியாக மாற்றுகிற இடமும் போய்விட்டது. நான் லினக்ஸ் பக்கம் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வந்த புதிதில் பெரிய ஆறுதல். உபுண்டு 22.04 பதிப்பில் கடதாசி நிறத் தீம் (யன்னல்களின் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்றுகிற தொகுப்பு) ஒன்றைப் போட்டேன். கோப்புகளைப் பார்க்கிற பைல்ஸ், எழுத்துத் திருத்தி, வரைகிற இங்க்ஸ்கேப் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்தன. அந்தக் காலம் முழுக்க எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு 24.04 இற்கு மாறினேன். பைல்ஸைத் திறந்தால் வெள்ளை. தீம் அப்படியே இருக்கிறது, இங்க்ஸ்கேப் மஞ்சளாகவே இருக்கிறது, பைல்ஸ் மட்டும் பளீரென்ற வெள்ளை.

பழுது என்று நினைத்துத் தேடினால், வேண்டுமென்றே செய்தது. பழைய பைல்ஸ், யன்னலையும் பொத்தானையும் வரைகிற ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின் 3 ஆம் பதிப்பில் ஓடியது. உபுண்டுவின் திரைத்தோற்றத்தைத் தருவது குனோம். 2022 செப்டெம்பரில் வந்த குனோம் 43 இல் பைல்ஸ் ஜிடிகே 4 இற்கும் லிப்அத்வைத்தா என்ற நிரல் நூலகத்துக்கும் மாறிவிட்டது. 2021 இன் கடைசி நாளில் முதல் பதிப்பு வெளியான அந்த நூலகம், நீங்கள் தெரிவுசெய்த தீமைப் பார்ப்பதில்லை. தன் நிறத்தைத் தானே கொண்டுவருகிறது. நமக்கு விட்டுவைத்தது வெள்ளையா கறுப்பா என்ற ஒரு தெரிவும், பொத்தான்களுக்கு ஓர் அழுத்த நிறமும். அந்த அழுத்த நிறத்தை உபுண்டு 22.04 இலேயே தந்துவிட்டது. குனோம் தன் பங்குக்கு 2024 இல் 47 ஆம் பதிப்பில் சேர்த்தது. கண்ணில் முழு நேரமும் படுவது பின்னணி. பொத்தானை ஊதா நிறமாக்கி நான் என்ன செய்ய?

இரவில் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைக்கிற நைட் லைட் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும், என் வேலையையும் சேர்த்து. அழைப்பிதழின் குங்குமச் சிவப்பு செம்மண்ணாகத் தெரியும். கல்வெட்டின் முன்னட்டையில் இருக்கிற அம்மாவின் முகநிறத்தை அந்த வெளிச்சத்தில் சரிபார்க்க முடியாது. சுற்றியிருக்கிற யன்னல் மஞ்சளாக வேண்டும், நடுவில் இருக்கிற படம் உள்ளபடி தெரியவேண்டும். தீம் மட்டும்தான் அதைச் செய்யும்.

கள்ளவழி ஒன்று உண்டு. வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கிற கொன்ஃபிக் அடைவில் ஜிடிகே 4 இற்கான சிஎஸ்எஸ் கோப்பு (தோற்றத்தை விவரிக்கிற கோப்பு) ஒன்றை எழுதி, யன்னலின் பின்னணி இது, பட்டியலின் பின்னணி இது என்று நிறங்களுக்குப் புதுப்பெறுமதி கொடுக்கலாம். கொடுத்தேன், பைல்ஸ் மஞ்சளானது. ஆனால் அந்தக் கோப்புக்குப் பகல் இரவு தெரியாது. படம் பார்க்கிற செயலி ஒன்று எப்போதும் கறுப்பில்தான் திறக்கும். அதன் எழுத்து வெள்ளை, என் கோப்பு கொடுத்த பின்னணி மஞ்சள். மெனுவைத் திறந்தால் மஞ்சளில் வெள்ளை எழுத்து, ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. செயலியைத் தனிப்பெட்டிக்குள் அடைத்துத் தருகிற ஃபிளாட்பாக்கில் நிறுவியவையோ இந்தக் கோப்பையே காணாது. அவற்றுக்கு அனுமதியைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். இவ்வளவும் செய்தாலும் அடுத்த பதிப்பில் இது நிற்கும் என்று எவரும் உறுதி தரவில்லை.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 2019 இல் குனோம் செயலிகளை உருவாக்குகிறவர்கள் பலர் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் தாங்கள் விரும்பின தீமைப் பூசி அனுப்புவதால் செயலி உடைகிறது, பொத்தானில் எழுத்துத் தெரியாமல் போகிறது, முறைப்பாடு மட்டும் தங்களுக்கு வருகிறது என்பது அவர்களுடைய வழக்கு. எனக்கு அது வடிவாக விளங்கும். நான் கோத்துக் கொடுத்த அழைப்பிதழை வேறொருவர் எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றி அடித்துவிட்டு, அடியில் என் கடைப்பெயரை விட்டுவைத்தால் எனக்கும் கோபம் வரும்தானே. ஆனால் அதே கடிதம், தன் கணினியைத் தானே நோண்டுகிறவரோடு தங்களுக்குப் பிரச்சினை இல்லை, உதவிதான் எதிர்பார்க்க முடியாது என்றும் சொல்கிறது. அந்த ஆளுக்கு ஒரு வாசலை முறைப்படி வைத்துக்கொடுத்திருக்கலாம்.

முடியாது என்றாலும் ஆறுவேன். முடியும் என்பதை அவர்களே காட்டியிருக்கிறார்கள். குனோமின் புதிய எழுத்துத் திருத்தியைத் திறந்து, நிறத்திட்டங்களில் சோலரைஸ்ட் லைட் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். எழுதுகிற இடம் மட்டுமல்ல, மேல்பட்டையும் சேர்ந்து முழு யன்னலும் கடதாசி நிறமாகும். அதே நூலகம். பக்கத்தில் பைல்ஸ் வெள்ளையாக நிற்கிறது. ஒவ்வொரு இரவும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. படம் திருத்துகிற ஜிம்ப் 2.10 இல், 2018 இலேயே, கறுப்புக்கும் வெளிர் நிறத்துக்கும் நடுவில் சாம்பல் தீம் ஒன்றை வைத்தார்கள். நிறத்தோடு வேலை செய்கிறவனுக்கு நடு நிறம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்தது அது.

மற்றப்பக்கம், இணையப் பக்கம்போலக் கட்டப்பட்ட எலெக்ட்ரொன் செயலிகள். ஒவ்வொன்றும் ஒரு முழுப் பிறவுசரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வருவதால் கணினியின் தீமைப் பற்றிய கவலையே அவற்றுக்கு இல்லை. வாடிக்கையாளர் கணக்கு எழுத நான் பணம் கட்டிப் பாவிக்கிற ஒன்றில் தோற்றத்துக்கு மூன்று தெரிவு: வெளிர், இருள், கணினியின்படி. மூன்றாவதும் முதல் இரண்டில் ஒன்றுதான். நிரல் எழுதுகிற விஎஸ் கோட் ஒரு விதிவிலக்கு, அமைப்புக் கோப்பில் பட்டை பட்டையாக நிறம் கொடுக்கலாம்.

இனி நல்லதைச் சொல்லவேண்டும், அது சின்ன விசயமும் இல்லை. நிறத்தை இறுக்கிப் பூட்டியவர்கள் எழுத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். எழுத்துருவைப் பெரும்பாலான செயலிகள், எழுத்துருக்களைத் தேர்ந்து கொடுக்கிற ஃபொன்ட்கொன்ஃபிக்கிடம்தான் கேட்கின்றன. அதில் ஒரே ஒரு கோப்பில், தமிழ் என்றால் முக்த மலர் எழுத்துருவை எடு என்று எழுதினேன். பைல்ஸ், ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் கேட்டன, அந்த வெள்ளை யன்னல்கள் உட்பட. கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றன. பெரிய அளவில் வைத்தாலும் 'கூ' வின் வால் வெட்டுப்படுவதில்லை. பழைய கல்வெட்டுகள் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துருவையும் அடைவில் போட்டவுடன் அவையும் திறந்தன. தமிழில் நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு இப்படி ஒரு கணினியை நான் வேறெங்கும் காணவில்லை. பழைய இயந்திரத்தில் வேகமும் குறையவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகும், சுன்னாகத்துச் சிநேகிதனுக்கு உபுண்டுவைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனும் நிறத்தோடு வேலை செய்கிறவன், அவனும் இரவில் வேலை செய்கிறவன். மச்சான், குபுண்டுவைப் போடு. அடியில் இருப்பது இதே உபுண்டுதான், மேலே குனோமுக்குப் பதில் இருப்பது கேடிஈ என்ற திரைத்தோற்றம். செட்டிங்ஸில் நிறங்கள் என்ற பகுதிக்குப் போய் ஒரு திட்டத்தைத் திருத்து. யன்னலுக்கும் பட்டியலுக்கும் தனித்தனிப் பின்னணி கொடுக்கலாம், அதன் சொந்தச் செயலிகள் மறுபேச்சில்லாமல் கேட்கும். குனோமின் புதிய செயலிகளை அங்கே நிறுவாதே, அவை அங்கேயும் வெள்ளையாகத்தான் நிற்கும். பைல்ஸுக்குப் பதில் டொல்ஃபின் இருக்கிறது. நானும் இந்த ஆவணிக் கல்யாண வேலைகள் முடியக் குபுண்டுவுக்கு மாறுகிறேன். ஃபொன்ட்கொன்ஃபிக் கோப்பு அங்கேயும் அப்படியே வேலை செய்யும், வரும்போது பென்டிரைவ் கொண்டுவா, தாறேன்.