தரமணியில் ஒரு புரதப் பகுப்பாய்வுச் சேவை: ஜெல் நன்று, அறிக்கை போதாது

காய், செங்காய், பழம் எனத் தக்காளியின் சதை, விதையைச் சூழ்ந்த கூழ், விதை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, உலர்பனியில் (உறைந்த கார்பன் டைஆக்சைடு) வைத்து, அவற்றின் புரதங்களை ஒப்பிட்டுத் தரும்படி சென்னைத் தரமணியில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்திடம் ஒப்படைத்தோம். புரதம் குறைந்து, அமிலமும் பெக்டினும் (செல்சுவரில் உள்ள பசைபோன்ற பொருள்) மிகுந்த பழத்திசுவுக்கு உகந்த, ஃபீனாலால் புரதத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டதால், புரதங்களை மின்னூட்டத்தாலும் நிறையாலும் பிரித்துப் புள்ளிகளாகக் காட்டும் இருபரிமாண ஜெல்லில் புள்ளிகள் இழுபடாமல் விழுந்திருந்தன. பெக்டினைச் சிதைக்கும் பாலிகேலக்டுரோனேஸ் நொதி, குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பழுத்த சதையில் தெளிவாகத் தெரிந்தது.

அறிக்கையில்தான் குறை. ஒரே நிறையுடன் பக்கவாட்டில் வரிசையாக நின்ற புள்ளிகள், பாஸ்பேட் சேர்ந்து மின்னூட்டம் மாறிய ஒரே புரதமா, வெவ்வேறு மரபணுக்களிலிருந்து வந்த வடிவங்களா என்பதை அறிய, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் என்பதை அவர்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. கூழையும் சதையையும் ‘பழம்’ என்று அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் கூட்டிப் போட்டது அதைவிட மோசம். திசுக்களின் வேறுபாட்டைக் காணத்தானே பணம் கட்டினோம்! கேட்டதும் திருத்திய அட்டவணையைத் தாமதமின்றி அனுப்பினார்கள்.