அந்திரேயாவா, பர்னபாவா?

ஜூலை 26, மரியாவின் தாய் புனித அன்னாள் திருவிழாவுக்காக மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் பாட்டுப் பயிற்சி தொடங்கினால், முன்வரிசை யாருக்கு என்ற முணுமுணுப்பும் வந்துவிடும். இரண்டாம் இடத்தை ஏற்க விவிலியத்தில் இரண்டு பேரைப் பார்க்கலாம்.

அந்திரேயா தன் சகோதரர் பேதுருவை இயேசுவிடம் கூட்டிவந்தார். பிறகு பேதுருவின் சகோதரராகவே அறியப்பட்டார். ஆரம்பத்திலிருந்தே பின்வரிசை, பழகிவிடும்.

பர்னபா கதை வேறு. யாரும் நம்பாத சவுலுக்காக, அதாவது பின்னாளில் பவுல் என்று அறியப்பட்டவருக்காக, சீடர்களிடம் பேசியவர். பின்பு தர்சு நகர் வரை போய் அவரைத் தேடி அழைத்துவந்தவர். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 13ஆம் அதிகாரத்துக்குள்ளேயே ‘பர்னபாவும் சவுலும்’ மாறி ‘பவுலும் பர்னபாவும்’ ஆகிவிடுகிறது. பர்னபா முகம் சுளித்ததாக ஒரு வரி இல்லை. பின்னாளில் இருவரும் பிரிந்ததுகூட உதவியாளர் மாற்குவைக் கூட்டிப்போவது பற்றித்தான், யார் தலைவர் என்று அல்ல.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்திரேயா போதும். தான் பழக்கிய பிள்ளை தனிப்பாட்டுப் பாட, பின்னால் நின்று கூடப் பாடும் அக்காமார்களுக்கு என் ஓட்டு பர்னபாதான்.