காரின் இன்ஜினை வாட்டர் சர்வீஸில் கழுவக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற மாதம் மதுரையில் ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் என் காரின் இன்ஜினைக் கழுவக் கொடுத்தேன். அதற்கு அவர்கள் வாங்கிய கூலி 450 ரூபாய். அந்தக் கழுவலால் வந்த பழுதுகளுக்கு இதுவரை 12,300 ரூபாய் செலவழித்திருக்கிறேன். பணம் போனதைவிட, 74 வயதான அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, கொடைக்கானல் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இழுவை இல்லாத வண்டியோடு நின்றதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. இன்னொருவருக்கு இது நேரக்கூடாது என்பதற்காக நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

என்னுடையது 2015ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் வழியாக ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து, இன்ஜின் முழுவதும் கருப்புக் களிம்பு ஒட்டியிருந்தது. பேக்கிங்கை மாற்றித் தந்த மெக்கானிக், "இன்ஜின் ஆறியிருக்கும்போது துணியை வைத்துத் துடைத்துவிடுங்கள் அண்ணே, தண்ணீர் மட்டும் அடிக்க விடாதீர்கள், துடைத்து வைத்தால்தான் மறுபடி கசிந்தால் தெரியும்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலை பயணம் என்பதால் எனக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து 12 கிலோமீட்டர் ஓட்டி, நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போனேன். இன்ஜின் அப்போது நன்றாகச் சூடாக இருந்தது.

துணியால் துடைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். துடைத்தால் அழுக்கு போகாது, இன்ஜின் வாஷ் செய்தால் புது வண்டி போல ஆகிவிடும் என்றார்கள். பானெட்டைத் திறந்தவர்கள் எதையும் மூடவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டரின் வாய் எல்லாம் அப்படியே திறந்திருந்தன. பெயர்ச்சீட்டு இல்லாத கேனிலிருந்து இளஞ்சிவப்பு நிறத் திரவத்தைத் தெளித்துவிட்டு, பிரஷர் துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து மேலிருந்து கீழாக அடித்தார்கள். புகைபோல் ஆவி எழும்பியது. பயந்துபோய் நான் கேட்டபோது, "எல்லாம் சீல் பண்ணித்தான் சார் வருது, ஒன்னும் ஆகாது" என்று பதில் வந்தது. கடைசியில் பளபளப்புக்காக டீசலையும் ஸ்பிரே செய்தார்கள்.

"சீல் பண்ணித்தான் வருது" என்ற அந்த வார்த்தையை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம் என்பதால் அதைச் சற்று விளக்க வேண்டும். கார்களின் மின் இணைப்புகளுக்குப் பரவலாகத் தரப்படும் பாதுகாப்புத் தரம் ஐபி67 ஆகும். அதில் உள்ள 7 என்ற எண், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் அசையாமல் மூழ்கிக் கிடந்தாலும் கேடு விளைக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகாது என்பதைக் குறிக்கிறது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அதற்கென்று ஐபி69கே என்று தனியான தரம் ஒன்று இருக்கிறது. 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, 80 டிகிரி வெந்நீரை, 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அடித்துச் சோதிப்பார்கள். வீட்டுக்கு வாங்கும் சிறிய பிரஷர் வாஷரிலேயே 100 பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. பத்து ஆண்டுகளாக வெப்பத்தில் வெந்து இறுகிப்போன ரப்பர் சீல்கள் அந்த அடியைத் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

கழுவி முடித்து ஸ்டார்ட் செய்தபோதே இன்ஜின் சற்று நடுங்கியது. சூடானால் சரியாகிவிடும் என்றார்கள். வீடு வந்து சேரும்வரை உண்மையில் சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை வத்தலக்குண்டு வரை சமதரையில் ஒரு குறையும் தெரியவில்லை. காமக்காபட்டி சோதனைச் சாவடியைத் தாண்டி முதல் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி குலுங்கி மிஸ்ஸிங் அடித்தது, இழுவை பாதியாகக் குறைந்தது, இன்ஜின் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, வத்தலக்குண்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். ஸ்கேனர் காட்டிய கோடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயர். பிளக்குக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் காயிலைக் கழற்றியபோது, ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் துருநிறத் தண்ணீர் தேங்கி நின்றது.

என் வண்டியில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேல் ஒரு காயில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் மூடியைத் தாண்டிக் குழிக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. பிளக்கின் முனைக்குப் போக வேண்டிய பல ஆயிரம் வோல்ட் மின்சாரம், ஈரத்தின் வழியாக இன்ஜின் உடம்புக்கே போய்விடுகிறது. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி பாய இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும். அதனால்தான் சமதரையில் மறைந்திருந்த குறை மலையடிவாரத்தில் வெளிப்பட்டது. இன்ஜின் விளக்கு சிமிட்டினால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளே உருகிவிடும்.

காயில், பிளக், கூலி எல்லாம் சேர்ந்து அன்று 3,400 ரூபாய் ஆனது. பயணத்தைக் கைவிட்டுத் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து ஆல்டர்னேட்டரிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தபோது பேரிங்கில் துரு ஏறியிருந்தது. ஃபியூஸ் பெட்டியின் ஒரு இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இவற்றைச் சரிசெய்ய 8,900 ரூபாய். ஆல்டர்னேட்டரின் அலுமினிய உறை வெளிறித் திட்டுத்திட்டாகிவிட்டது. அந்தக் கேனில் என்ன இருந்தது என்பதை என்னால் நிரூபிக்க முடியாது; ஆனால் காரம் மிகுந்த கரைசல் அலுமினியத்தை இப்படித்தான் அரிக்கும். டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்கள் பெரும்பாலும் எண்ணெய்க்கு ஒத்துவராத ரப்பரால் ஆனவை. டீசல் பட்டால் அவை உப்பி இளகும், பெல்ட் வழுக்கும், புழுதி முன்னைவிட வேகமாக ஒட்டும். சூடான புகைக்குழாயின் பக்கத்தில் எரியக்கூடிய எண்ணெயைத் தெளிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிலையத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க மறுத்தார். பழைய வண்டி, எப்போது வேண்டுமானாலும் காயில் போகும் என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் "ஃபுல் வாஷ்" என்று மட்டும் எழுதியிருந்தது. இன்ஜின் கழுவியதற்கான குறிப்பே இல்லை. நல்லவேளையாக, பானெட்டைத் திறந்து தண்ணீர் அடிப்பதை என் மகன் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். வத்தலக்குண்டு மெக்கானிக்கும் குழியில் தண்ணீர் நின்றதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் எந்த வேலையைக் கொடுத்தாலும் அது பில்லில் சரியான பெயரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்ஜினைச் சுத்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. களிம்பு மூடியிருந்தால் கசிவு தெரியாது என்று என் மெக்கானிக் சொன்னது முற்றிலும் சரி. இப்போது நானே வீட்டில் செய்கிறேன். இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில், விடுமுறை நாள் காலையில் தொடங்குவேன். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் புழுதியையும், வைப்பருக்குக் கீழே சேர்ந்த சருகுகளையும் எடுத்துவிட வேண்டும். பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில்கள், ஏர் ஃபில்டரின் வாய், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி டேப் ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசரில், தண்ணீரில் கலக்கும் வகையை, அதன் லேபிளில் சொன்ன அளவில் கலந்து, துணியிலோ பிரஷ்ஷிலோ நனைத்துத் தேய்த்தால் போதும். அது காய்ந்துபோவதற்குள் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்துவிட வேண்டும். கெட்டியான களிம்புக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதுவும் வேண்டாம். முடிந்ததும் பைகளை ஒன்றுவிடாமல் எண்ணி எடுத்து, பானெட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரமாவது காயவிட்டுப் பிறகுதான் பேட்டரியை இணைக்கிறேன். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்கள் போகும் இடங்களை நாமாகத் தொடக்கூடாது.

ஏற்கெனவே யாராவது உங்கள் இன்ஜினில் தண்ணீர் அடித்துவிட்டு, வண்டி நடுங்குகிறது என்றால், சூடானால் சரியாகும் என்ற பேச்சைக் கேட்டு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆஃப் செய்துவிட்டு, காயில்களைக் கழற்றி, பிளக்குகளைக் கழற்றுவதற்கு முன்பே குழிகளில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். பிளக்கை முதலில் கழற்றினால் அந்த அழுக்குத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.