தர்மபுரி பைபாஸ் ரோடு ஸ்கேன் சென்டர்: ரிப்போர்ட்டுக்கு 5, வரவேற்புக்கு 2

அக்கா மகளுக்கு இரண்டே முக்கால் வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அப்புறம் சத்தத்துக்குக் காது நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்ததில் இரண்டு காதுமே மோசம் என்று தெரிந்தது. காது கேட்க உள்காதுக்குள் ஆபரேஷன் செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியை வைக்கலாம், அதற்கு முன் காதுக்கு சிடி ஸ்கேன் எடுங்கள் என்றார்கள்.

முதல் சிடியை வேறு ஓர் ஊரில் எடுத்தோம், பெயர் வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்காதைப் பற்றி ஒரே வரி: இரு பக்கமும் மாண்டினி, அதாவது உள்காது சரியாக உருவாகவில்லை. அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு காரிமங்கலத்தில் ராத்திரி பஸ் ஏறி சென்னைக்குப் போனால், ஆபரேஷன் டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இதை வெச்சு நான் என்னங்க பண்றது? எந்த வகைன்னு இல்ல, நரம்பு இருக்கா இல்லையான்னும் இல்ல" என்று எம்ஆர்ஐயும் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் செய்ய ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதால், வீணாகும் ஒவ்வொரு மாதமும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்போதுதான் இங்கே வந்தோம். பழைய சிடியை வாங்கிப் பார்த்த ரேடியாலஜி டாக்டர், திரும்ப எடுக்கச் சொல்லிக் காசு பார்த்திருக்கலாம். செய்யவில்லை. "படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க, படிச்சதுலதான் குறை" என்று எம்ஆர்ஐ மட்டும் எடுக்கச் சொன்னார். எலும்பு சிடியில் தெரியும், நரம்பும் உள்ளே இருக்கும் நீரும் எம்ஆர்ஐயில்தான் தெரியுமாம்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து இருபது நிமிஷம் பேசினார். சத்தத்தை உணரும் காக்ளியா என்ற உள்காதுப் பகுதி நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுருண்டிருக்கும். பாப்பாவுக்குக் கீழ்ச்சுற்று சரியாக இருக்கிறது, மேல் சுற்றுகளுக்கு நடுவில் தடுப்பு இல்லை, எண்ணெயில் வேகும்போது முறுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போல என் கண்ணுக்கே தெரிந்தது. இதற்குப் பெயர் இன்கம்ப்ளீட் பார்ட்டிஷன் டைப் 2. 1791ல் இத்தாலியில் மாண்டினி என்ற டாக்டர் இறந்துபோன ஒரு சிறுவனின் காதை அறுத்துப் பார்த்து எழுதியது இதைத்தானாம். பிற்பாடு உள்காதில் எந்தக் கோளாறு கண்டாலும் சில பேர் மாண்டினி என்றே எழுதிவிடுகிறார்கள். துருக்கி டாக்டர்கள் 2002ல் பிரித்து, பிற்பாடு விரிவாக்கிய வகைப்படிதான் இவர் எழுதுகிறார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். டைப் 1 என்றால் உள்ளே நடுத்தண்டும் இல்லை, தடுப்பும் இல்லை, வெறும் குடம். ஆபரேஷனில் திறந்ததும் மூளை நீர் பீறிட்டு வரலாம், மூளைக்காய்ச்சல் பயமும் உண்டு. டைப் 3 பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது, அதில் எலக்ட்ரோடு என்ற இம்ப்ளாண்ட் கம்பி தப்பாக நரம்பு போகும் வழிக்குள் நுழைந்துவிடலாம். உள்காதே உருவாகாத மிச்செல் வகைக்கு இந்த இம்ப்ளாண்ட்டை வைக்கவே முடியாது. எந்த எலக்ட்ரோடு, எங்கே திறப்பது, நீர் வந்தால் எப்படி அடைப்பது, எல்லாமே வகையைப் பார்த்துத்தான். ஒரு வார்த்தைக்காக எங்களை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் ஒரு படத்தை நிறுத்தி, ஒரு வட்டத்துக்குள் நான்கு புள்ளிகளைக் காட்டினார். முன்பக்கம் மேலே இருப்பது முக நரம்பு, அதற்குக் கீழே கேட்கும் நரம்பு, பின்பக்கம் இரண்டும் தள்ளாடாமல் நிற்கும் நிதானத்துக்கு. "எண்ணிப் பாருங்க தம்பி." எண்ணினேன், இரண்டு பக்கமும் நான்கு. வெளியே உட்கார்ந்திருந்த அக்காவிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

உள்காதிலிருந்து போகும் ஒரு சின்னக் குழாயும் பாப்பாவுக்கு அகலமாம். நடுவில் அளந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறார். தலையில் அடிபட்டால் மிச்சம் இருக்கிற கேட்கும் திறனும் போகலாம் என்றதும் வீட்டில் கட்டிலைத் தூக்கிவிட்டுத் தரையில் பாய் போட்டாச்சு. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அக்கா கட்டியது எங்கள் தாய்மாமனைத்தான். குத்திக்காட்டாமல், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு டெஸ்ட் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்க மாட்டார்கள். ஒன்பது மணி டோக்கனுக்குப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். தூக்க மருந்து கொடுப்பதற்காகக் குழந்தையை ராத்திரி தூங்கவிடாமல், காலையில் வெறும் வயிற்றில் கொண்டுவரச் சொல்லிவிட்டு இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தால் எப்படி? கத்திக் கத்தி மருந்து கொடுக்கும் முன்னாடியே தூங்கிப்போனாள், ஊசி குத்தும்போது முழித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வரவேற்பில் இருக்கும் பெண் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

போகிறவர்கள் பிலிமோடு திரும்பாமல் படங்களைப் பதிந்து தரும் சிடி டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், சென்னையில் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். எதிர் டீக்கடையில் பால் காய்ச்சித் தருவார்கள். ஆனால் முழித்தவுடன் கொடுக்காதீர்கள், நர்ஸ் சொன்னபின் கொடுங்கள், நாங்கள் அவசரப்பட்டதில் என் சட்டை போச்சு.